ஓர் எழுத்துக்குள் இரண்டு மாமன்

குற்றாலம்
6 ஏப்ரல் 2024

செண்பகவல்லி அறிவது,

உங்கள் தைவானில் பூமி ஆடியதை டி.வி.யில் விடாமல் காட்டுகிறார்கள். ஒரே கட்டடத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், சாய்ந்து நிற்கிற சிவப்புக் கட்டடம். அதில் நீ குடியிருக்கிறாயா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் அப்பாவிடம் கேட்கலாம் என்றால், கடையத்தில் அந்த வாசலுக்கு நான் போவதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

காது பார்க்கத் தென்காசிக்குப் போன இடத்தில் நர்ஸ் ஷெர்லினைப் பார்த்தேன். உன்னோடு படித்தவளாமே. "வீடியோ கால் போட்டுத் தாரேன், பேசுதீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவனுக்குப் போனில் என்ன கேட்கும்? இரைச்சல்தான் கேட்கும். விலாசம் மட்டும் எழுதிக் கொடு என்று வாங்கி வந்தேன்.

நலமாக இருக்கிறாயா என்பதை மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம். நம் இரண்டு பேருக்கும் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை. கடிதம் போடுவது உன் அத்தைக்குத் தெரியாது.

அத்தை என்று கை எழுதிவிட்டது. முத்துலட்சுமிக்குத் தெரியாது.

வேல்சாமி

*

சிஞ்சு, தைவான்
24 ஏப்ரல் 2024

வணக்கம்.

இதற்கு மேலே ஒரு உறவு எழுத வேண்டும். 'அன்புள்ள' என்று எழுதி நிறுத்தி, பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். அப்புறமும் வரவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வணக்கத்தோடு ஆரம்பித்திருக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டடம் மலைக்கு அந்தப் பக்கம், கிழக்குக் கடலோர ஊரில் இருக்கிறது. நான் இருப்பது மேற்கே. எங்கள் ஆய்வகத்தில் அலமாரிக் கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். நடுங்கி முடிகிற வரைக்கும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அப்பாவை நினைத்துக்கொண்டேன். உங்களையும் நினைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்கிறீர்கள். எழுதத்தான் போகிறேன். வேண்டாமென்றால் கிழித்துப் போடுங்கள்.

இங்கே சாயங்காலத்தில் சீன மொழி வகுப்புக்குப் போகிறேன். போன மாதம் ஆசிரியை எல்லாரையும் அவரவர் குடும்பத்தைக் கட்டம் கட்டமாக வரையச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த உறவுக்கான சீன எழுத்தை எழுத வேண்டும். நான் அம்மாவை வரைந்து, பக்கத்தில் அம்மாவின் தம்பியை வரைந்து, 'ஜியூ' என்று சொல்லப்படுகிற எழுத்தைப் போட்டேன். கல்யாணம் ஆகாதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். என் கை நிற்கவில்லை. கணவன் என்று ஒரு கட்டம், கணவனுடைய அப்பா என்று இன்னொரு கட்டம். விவாகரத்தாகி நாலு வருஷம் ஆயிற்றே, அதை ஏன் வரைந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்தக் கட்டத்திலும் அதே ஜியூவை எழுதிவிட்டேன்.

ஆசிரியை சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, மாமனாருக்கு வேறு எழுத்து என்று திருத்தினார். இல்லை, இரண்டும் ஒரே ஆள், நான் கல்யாணம் செய்தது என் மாமன் மகனைத்தான் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த கொரியப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசிரியை சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நீ எழுதியது சரிதான் என்றார்.

அந்தக் காலத்துச் சீனாவில் அம்மாவின் சகோதரனும் ஜியூதான், ஒரு பெண்ணுக்குக் கணவனின் அப்பாவும் ஜியூதானாம். அப்பாவின் சகோதரிக்கும் மாமியாருக்கும்கூட ஒரே எழுத்து. நம் அத்தையைப் போலத்தான். மாமன் மகனையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்ட காலத்தில் வந்த வழக்கமாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களாம். நான் வீட்டுக்கு வந்து அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன்.

எழுத்தைக் கீழே பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

舅

மேலே இருப்பது உரல். அது ஓசைக்காக வந்தது. கீழே நாலு கட்டமாக இருப்பது வயல். அதற்கும் கீழே இருப்பது வலிமை. வயலும் வலிமையும் சேர்ந்தால் ஆண்பிள்ளை.

நீங்கள் கடையத்துக்கு வந்த அன்றைக்கு நான் உள் அறையில்தான் இருந்தேன். "இனிமே இந்த வாசல மிதிக்காதீரும்" என்று அப்பா சொன்னது கேட்டது. நீங்கள் கொஞ்ச நேரம் நின்றீர்கள். செருப்புச் சத்தம் வரவில்லை, அதனால் தெரியும். நான் வெளியே வந்து கூப்பிட்டிருக்கலாம். மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குள் மாமனாரும் இருந்தார். அவரைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் கூப்பிட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

செண்பகவல்லி

*

குற்றாலம்
15 மே 2024

செண்பகவல்லிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

எழுத்தை நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான் சீனாக்காரன். தலையில் உரலைத் தூக்கி வைத்துக்கொண்டு வயல் நடுவில் நிற்கிறவன் மாமன். எங்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். நம் லாட்ஜில் ரூம் கூட்டுகிற மாடனிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மொதலாளி, கீழ் ரூம் சன்னலுக்கு அளவு எடுத்து வச்சிருக்கீகளா?" என்று கேட்டான். இவனை வைத்துக்கொண்டுதான் இந்த சீசனை ஓட்ட வேண்டும். இப்போதே சென்னையிலிருந்து ரூம் கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அருவியில் தண்ணீர் நூலாகக்கூட இல்லை. சாரல் விழுந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன்.

உனக்குச் சொல்ல இருந்தது போல எனக்கும் இருக்கிறது.

என் மகன் முத்துச்செல்வம் செய்தது தப்பு. கோயம்புத்தூரில் போலீஸ் வேலையில் இருக்கும்போது ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, அதை எங்களிடம் சொல்லத் துணிச்சல் இல்லாமல், வந்து உன் கழுத்தில் தாலி கட்டினான். இதை நான் அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவனோடு ஒரு வருஷம் பேசவில்லை. அதில் உன் பேரில் குறை கிடையாது.

ஆனால் நீயும் அவனும் ஒன்றாகப் போய்க் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தீர்கள். அது எனக்கு யார் சொல்லித் தெரியும்? வக்கீல் குமாஸ்தா சொல்லித் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, "நல்லபடியா முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றான். என்ன முடிந்தது என்று அவனிடமே கேட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் முதலில் என்னிடம்தான் வந்திருப்பாள். எனக்கு அக்கா அவள். அவள் பெற்றது எனக்கும் பிள்ளைதானே? மாமனாரிடம் சொல்ல வேண்டாம், சரி. மாமனிடம் ஏன் சொல்லவில்லை? அதைக் கேட்கத்தான் கடையத்துக்கு வந்தேன். கேட்கவில்லை. உன் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார்.

இருக்கட்டும்.

அந்த எழுத்தின் கதையைப் பாதியில் விட்டுவிட்டாய். ஆதியில் இரண்டு பேருக்கும் அதுதான் என்கிறாய். இப்போது ஆசிரியை சிவப்பு மையால் ஒன்றை அடித்தாள் என்கிறாய். நடுவில் என்ன ஆயிற்று? எது போயிற்று, எது நின்றது? அதை எழுது. தெரியாவிட்டால் ஆசிரியையிடம் கேட்டு எழுது.

வேல்சாமி

*

சிஞ்சு
5 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நின்றது அம்மாவின் தம்பிதான். போனவர் மாமனார்.

ஆசிரியையிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். ரொம்ப காலம் இரண்டு பேரும் அந்த எழுத்துக்குள் சேர்ந்தே இருந்தார்களாம். பழைய கவிதைகளில்கூடப் புதுப்பெண் மாமனார் மாமியாரைப் பழைய எழுத்துகளால்தான் சொல்வாளாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வழக்கில் மாமனாருக்கு வேறு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். சொந்தத்தில் கட்டுவது அங்கே குறைந்துபோனது ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது இங்கே மாமன் மகனைக் கட்டச் சட்டமே விடாது. ஆனால் அம்மாவின் தம்பியை அந்த எழுத்திலிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை. இன்றைக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாமனை "ஜியூ ஜியூ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சந்தையில் ஒரு சின்னப் பெண் அப்படிக் கத்திக்கொண்டே போய் ஒருத்தர் காலைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

அதனால் மேலே மாமா என்று எழுதியிருக்கிறேன். இப்போது எழுத வந்துவிட்டது.

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் உங்களிடம் சொல்லாததற்குக் கோபப்படுங்கள். அது நியாயம்தான். ஆனால் அத்தான் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். "அப்பாட்ட மட்டும் சொல்லிராத செண்பா, என்னைக் கொன்னே போட்டுருவாரு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதற்காக அடி வாங்கித்தர மனசு வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஒன்றாக விளையாடியவர் அல்லவா?

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் வெய்லுன். அடுத்த ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். இந்த ஊர்க்காரர். அதிகம் பேச மாட்டார். நிலநடுக்கத்தன்று மாடிப்படியில் ஏறி என்னைத் தேடிக்கொண்டு வந்தார், எல்லாரும் கீழே ஓடிக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்பே எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்குத்தான் சரி என்று சொன்னேன். அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் முணுமுணுத்துவிட்டு, கல்யாணம் நம் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். ஆவணி கடைசியில், தென்காசியில்.

போன ஞாயிற்றுக்கிழமை வெய்லுன் வீட்டில் சாப்பிட்டேன். அவருடைய அம்மா முதலில் கேட்டது நகையை அல்ல, சாதியை அல்ல. உன் ஜியூ எங்கே உட்காருவார் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. வெய்லுன் விளக்கினார். இங்கே கல்யாண விருந்தில் முதல் நாற்காலி தாய்மாமனுக்கு. மந்திரி வந்தாலும் அடுத்த நாற்காலிதான். தாய்மாமன் வந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். வெய்லுனின் அக்கா கல்யாணத்தில் மாமனுடைய கார் வழியில் நின்றுவிட்டதாம். சூப்பெல்லாம் ஆறிப்போயிற்று, ஒருத்தரும் தொடவில்லையாம். உங்கள் ஊருக்கு வந்தாலும் நாங்கள் உன் ஜியூவுக்காகக் காத்திருப்போம் என்று அந்த அம்மா சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தலையாட்டிவிட்டேன் மாமா. நீங்கள் வருவீர்களா?

உங்களிடம் நான் கேட்பது பெரிது என்று தெரியும். மாமனாராக வர வேண்டாம். அம்மாவின் தம்பியாக வாருங்கள்.

செண்பா

*

குற்றாலம்
1 ஜூலை 2024

செண்பாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து இரண்டு தடவை அருவிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

அந்தப் பையன் மாடி ஏறி வந்தான் என்றாயே, அது போதும். அவனைப் பற்றி எனக்கு வேறு கேள்வி இல்லை. நல்லா இரு.

நான் வர முடியாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீயாக ஒன்று நினைத்துக்கொள்ளக் கூடாது. விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இந்தத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கிருபா டீக்கடையில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருத்தன், என்னைத் தெரிந்தவன்தான், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான்: "என்ன அண்ணாச்சி, மருமவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சாமே? சீனாக்காரனாமே?" பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். காது கேட்காதது போல இருந்துவிட்டேன். இந்த ஒரு காரியத்துக்குத்தான் என் காது உதவுகிறது.

வீட்டில் சொன்னேன். உன் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என் மவன் கட்டுன பிள்ளைய நீங்களே போயி இன்னொருத்தனுக்குக் கட்டிக் குடுக்கப் போறீகளாக்கும்? ஊர்ல என்ன பேசுதாக தெரியுமா? நாளைக்கு நம்ம பேத்திக்கு ஒரு நல்லது பொல்லது வந்தா அந்த வீட்ல இருந்து யாரு வந்து நிப்பா?" என்றாள். முத்துச்செல்வத்தின் பிள்ளையைச் சொல்கிறாள். அதற்கு இப்போது இரண்டு வயது. அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. மறுபடியும் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. முறைப்படி கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை பாக்கு தாய்மாமன் வீட்டுக்கு வர வேண்டும். உன் அப்பா வாசலை மிதிக்காதே என்றவர். அவர் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்காமல் நான் எந்த முகத்தோடு பந்தலுக்குள் வருவது? நீ தைவானில் இருந்துகொண்டு கூப்பிட்டால் நான் கல்யாண வீட்டுக்கு ஒரு விருந்தாளி, அவ்வளவுதான்.

சீனத்து எழுத்து லேசாக மாமனாரைக் கழற்றிவிட்டது. அதற்கு ஆயிரம் வருஷம் இருந்தது. எனக்கு ஆவணி வரைக்கும்தான் இருக்கிறது.

இந்தத் தடவை சாரல் நன்றாக இருக்கிறது. ரூம் எல்லாம் நிரம்பிவிட்டது. மங்குஸ்தான் வந்திருக்கிறது. தபாலில் அனுப்ப முடிகிற பண்டமாக இருந்தால் அனுப்பியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

சிஞ்சு
20 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சரி.

இப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

நீங்கள் சொன்னதில் எதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அத்தை கேட்டதுகூட நியாயம்தான். அத்தானுடைய மகளுக்கு ஒரு விசேஷம் என்றால் எனக்கு அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் நான் அங்கே இருப்பேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அதுவும் என் அம்மாவின் தம்பி பேத்திதான்.

ஆனால் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். டீக்கடையில் ஒருத்தன் சிரித்தால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் விவாகரத்து வாங்கி கடையத்தில் இருந்த மாதங்களில், கடைக்குப் போய்ச் சீனி வாங்கிவிட்டு வருவதற்குள் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அப்போது எனக்குப் பக்கத்தில் நடந்து வர ஒரு ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. அம்மா இல்லை. உங்களுக்கு அந்த வாசல் அடைத்திருந்தது. நான் தனியாகத்தான் நடந்தேன், நடந்து நடந்து இங்கே வந்து சேர்ந்தேன்.

அப்பாவிடம் வெற்றிலை பாக்கு விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, "அவரு வராட்டா என்ன, பரமசிவன் மாமாவ வச்சுச் சடங்க முடிச்சிருவோம். அவரும் ஒனக்கு மாமன் முறைதான. போன கல்யாணத்துலயும் அவருதான நின்னாரு" என்றார். உங்கள் சித்தப்பா மகன்தான், நல்லவர்தான். எனக்கு அவர்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமன் மாலை இல்லாமலே மேடைக்குப் போகிறேன் என்றேன். வெய்லுனின் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், என் ஜியூவால் வர முடியவில்லை, நாற்காலி காலியாக இருக்கும் என்று. அவர் விடவில்லை. அப்படியானால் அந்த நாற்காலிக்கு முன்னாலும் இலை போடுங்கள் என்றார்.

போடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் கடையத்துக்கு வந்துவிடுவேன். குற்றாலத்துக்கு வர மாட்டேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

செண்பா

*

குற்றாலம்
10 ஆகஸ்ட் 2024

ஏட்டி செண்பா,

இந்தக் கடிதம் நீ கிளம்புவதற்குள் வந்து சேருமா என்று தெரியவில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். சேராவிட்டால் வந்த பிறகு உன் அப்பா சொல்வார், அவருக்கும் எல்லாம் தெரியும்.

உன் கடிதத்தை முத்துலட்சுமியிடம் வாசித்துக் காட்டினேன். மறைத்து மறைத்து எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நீ சீனி வாங்கப் போன இடத்துக்கு வந்ததும் என்னால் வாசிக்க முடியவில்லை. அவளே வாங்கி மிச்சத்தைப் படித்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அதனால் ரொம்ப நேரம் ஆயிற்று. பேத்தியைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு, "பரமசிவன் மச்சான் போட்ட மாலைதான் பொருந்தாமப் போச்சுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. நான் மறுக்கவில்லை.

ஆனால் அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு ஒரு காரியம் ஞாபகம் வந்தது. உனக்குத் தெரிந்திருக்காது. மணவறையில் நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய்.

உனக்குக் காது குத்தினது என் மடியில் வைத்து. நீ ஆளானபோது பச்சை ஓலையில் குச்சில் கட்டி உட்கார வைத்தவன் நான், லீவு கிடைக்காமல் கமாண்டரிடம் சண்டை போட்டு வந்தேன். மாமன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நான் செய்திருக்கிறேன், ஒன்றைத் தவிர. கல்யாணத்தன்றைக்கு நான் மாப்பிள்ளைக்கு அப்பா. ஒருத்தன் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. மாலை போடுவதும் நெற்றியில் பட்டம் கட்டுவதும் பரமசிவன் கைக்குப் போயிற்று.

அதில் ஒன்று நடந்தது. உன் அம்மா மாலைத் தட்டை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். அவளுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. நேரே என்னிடம் வந்து தட்டை நீட்டினாள். நானும் கையை நீட்டிவிட்டேன். மாலையில் என் விரல்கூடப் பட்டுவிட்டது. அப்புறம்தான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. "அட, நீ இன்னைக்கு அந்தப் பக்கத்து ஆளுல்லாலே" என்று சிரித்துக்கொண்டே தட்டைத் திருப்பிக்கொண்டு பரமசிவனிடம் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளே நன்றாக இல்லை, செண்பா. சம்பந்தி ஆகிவிட்டோமே, இதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கலாமா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். மாமனார் ஆன அன்றைக்கே மாமன் வேலையை விட்டுக்கொடுத்துவிட்டேன். அந்த மாமனார் வேலை இப்போது என்னிடம் இல்லை.

நேற்று உன் அப்பா வந்தார். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸில் வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் இருந்தது. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை, நானும் வாருங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். முத்துலட்சுமிதான் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் அங்கன நின்னு என்ன அருவியவா பாக்குதீக? உள்ள வாங்க அண்ணே" என்று சத்தம் போட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்தார். "நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதிய மாப்ள" என்றார். எனக்கு ஒரு காதில் கொஞ்சம் கேட்கும். அவருக்கு அது தெரியுமோ என்னவோ, அந்தப் பக்கம் வந்துதான் சொன்னார்.

முத்துச்செல்வத்திடம் அவன் அம்மா போனில் பேசினாள். அவன் என்ன சொன்னான் என்று எழுதிக் காட்டினாள்: 'அப்பா போகட்டும். போகலேன்னா எனக்குத்தான் கஷ்டம்.' அவனுக்கு அதுவே அதிகம்.

முத்துலட்சுமி கல்யாணத்துக்கு வர மாட்டாள். அவளைக் கட்டாயப்படுத்தாதே, பத்திரிகையை மட்டும் அவள் பெயருக்கும் எழுதிக் கொண்டுவந்து கொடு. என் பட்டு வேட்டியை எடுத்து வெயில் பார்த்துக் காயப்போட்டிருக்கிறாள். டீக்கடைக்காரர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். என் அக்கா மகளுக்குக் கல்யாணம், மாலை போடப் போகிறேன் என்று கிருபாவிடம் சொல்லிவிட்டேன். எலுமிச்சை வியாபாரி அப்போது அங்கே இருந்தான். அவனையும் கல்யாணத்துக்கு வரச் சொன்னேன்.

மாலைக்குத் தென்காசியில் சொல்லியாகிவிட்டது. விருச்சிப் பூ வேண்டாம், ரோஜாவும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டு என்று சொல்லியிருக்கிறேன். தட்டை யார் எடுத்து வருவது என்று உன் அப்பா கேட்டார். நீங்களே எடுத்து வாருங்கள், அக்காவுக்குப் பதிலாக என்றேன்.

பந்தலுக்குள் என்னைத் தேட வேண்டாம். இந்தத் தடவை நான் பெண் வீட்டுப் பக்கம் நிற்கிறேன்.

மாமா